மருந்து தருவது அரசு. மற்றதைத் தருவது யார்?

முன்னுரை

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பர் பெரியோர். ஆனால், நோயோடும் நெடுநாள் நலமாக வாழலாம் என்பதை இன்றைய மருத்துவம் காட்டியிருக்கிறது. எச்.ஐ.வி. கிருமி உடலில் உள்ள ஒருவர் நாள்தோறும் தவறாமல் மாத்திரை உட்கொண்டு வந்தால், மற்றவரைப் போலவே உழைக்கலாம். பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். முதுமை வரை வாழலாம். அந்த மாத்திரைக்குப் பணம் தருவது யார்? நம் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அதில் பங்கு உண்டா? குடிமையியல் பாடம் படிக்கையில் எங்கள் வகுப்பில் எழுந்த கேள்வி இது. நாங்கள் தேடி அறிந்ததைத் தோழியரோடு பகிர்ந்து கொள்கிறோம்.

நோயும் மருந்தும்

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டில், நம் சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வினால் அது வெளிப்பட்டது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து மத்திய அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அன்று தொடங்கிய மையங்களுள் ஒன்று.

நம் தேனி மாவட்டமும் ஒரு காலத்தில் இந்நோய்க்காக அதிகக் கவனம் வேண்டிய மாவட்டங்களின் வரிசையில் வைக்கப்பட்டிருந்தது. இன்று க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கூட்டு மருந்து மையம் இருக்கிறது. பரிசோதனையும் ஆலோசனையும் பெற அரசு மருத்துவமனைகளில் "நம்பிக்கை மையம்" உண்டு. கணவரிடமிருந்து அறியாமலே இக்கிருமியைப் பெற்ற மனைவியர் பலர். பிறக்கும்போதே பெற்ற குழந்தைகளும் உண்டு. தாய்க்குக் காலத்தில் மருந்து கொடுத்தால் குழந்தை பெரும்பாலும் கிருமியின்றியே பிறக்கிறது என்பது எவ்வளவு பெரிய நற்செய்தி!

மாத்திரை மட்டும் போதுமா?

போதாது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்திலோ, மலைக்கு மேலே ஏலத் தோட்டத்திலோ கூலி வேலை செய்யும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். கூடலூரிலிருந்து க.விலக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் அன்றைய கூலி இல்லை. சத்துள்ள உணவு இல்லாமல் மாத்திரையைத் தாங்குவதும் கடினம். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகமாகப் பறிப்பது காசநோய். கெட்ட தண்ணீரால் வரும் வயிற்றுப்போக்கும் அவர்களை எளிதில் வீழ்த்தும். மாத்திரையை டெல்லி அனுப்பலாம். தெருக்குழாயில் நல்ல தண்ணீர் வரச் செய்ய வேண்டியது ஊர்தானே?

உள்ளாட்சியின் கடமை

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதனோடு சேர்க்கப்பட்ட பதினோராம் அட்டவணையில், பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்கள் உள்ளன. மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளிட்ட சுகாதாரம் அவற்றுள் 23ஆவது பொருள்.

நம் மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவருக்கும் செவிலியருக்கும் ஊதியம் தருவது மாநில அரசு. குமுளி மலையைத் தாண்டினால் நிலை வேறு. கேரளத்தில் 1990களிலேயே ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிராமப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் விடப்பட்டன. திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. கோழிக்கோடு மாவட்டப் பஞ்சாயத்து சிறுநீரக நோயாளிகளுக்காகத் தொடங்கிய "சினேகஸ்பர்சம்" என்னும் திட்டம் எச்.ஐ.வி. உள்ளோருக்கும் உதவியது.

நம் உள்ளாட்சிகளுக்குப் பணமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் தவிர, மாநில, மத்திய நிதிக் குழுக்களின் மானியங்கள் வருகின்றன. பதினைந்தாம் நிதிக் குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு, உள்ளாட்சிகளின் வழியே சுகாதாரத்துக்கென்று நாடு முழுவதற்கும் 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. துணை சுகாதார நிலையங்களுக்குக் கட்டடம், பரிசோதனை வசதி போன்றவை அதன் நோக்கங்கள்.

ஒரு சிக்கல்

இங்கேதான் எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்த சிக்கல் வருகிறது. ஊர்ப் பணம் ஊரறியச் செலவாக வேண்டும். அதனால்தான் கிராம சபையில் கணக்கு வைக்கிறார்கள். உதவி பெறுவோர் பட்டியலை வாசிக்கிறார்கள். வீடு கட்டும் திட்டத்துக்கு அது நல்ல முறை. ஆனால், "எச்.ஐ.வி. உள்ளவர்கள்" என்று ஒரு பட்டியலை ஊர் நடுவே வாசித்தால் என்ன ஆகும்? அந்த வீட்டுப் பெண்ணுக்கு யாரும் வேலை தரமாட்டார்கள். பிள்ளையோடு யாரும் சேர்ந்து உட்காரமாட்டார்கள். அது சட்டத்துக்கும் விரோதம். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவருடைய நிலையை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்கிறது. வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் வேறுபாடு காட்டுவதையும் தடுக்கிறது.

எனவே உதவி வேண்டியவர் வாய் திறந்து கேட்க முடியாது. கேட்காதவருக்கு ஊராட்சி பணம் ஒதுக்குவதும் இல்லை. இந்த மௌனத்தினால்தான் வரவு செலவுத் திட்டத்தில் இவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை என்று நாங்கள் கருதுகிறோம்.

பெயர் கேட்காத உதவி

இதற்கு வழி உண்டு. பணத்தை ஆளுக்கென்று ஒதுக்காமல் பணிக்கென்று ஒதுக்கலாம். துணை சுகாதார நிலையத்தில் கதவுள்ள ஓர் ஆலோசனை அறை கட்டலாம். கர்ப்பிணியும் காசநோயாளியும் எச்.ஐ.வி. உள்ளவரும் அதே அறைக்குள் போய் வருவார்கள். யார் எதற்குப் போனார் என்பது எவருக்கும் தெரியாது. சத்துணவுப் பொருளுக்கான பணத்தை ஊராட்சி ஒன்றியம் மருத்துவமனையிடம் மொத்தமாகக் கொடுக்கலாம்; பெயர்கள் மருத்துவமனையிலேயே இருக்கட்டும், தொகை மட்டும் கிராம சபைக்கு வரட்டும். குடிநீரும் கழிப்பறையும் எல்லோருக்கும் நல்லவை. இவர்களுக்கோ அவை உயிர்.

மாநில அளவில் இதற்கு ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தமிழக அரசு 2009இல் ஐந்து கோடி ரூபாய் முதலீட்டில் ஓர் அறக்கட்டளை அமைத்தது. முதலை வைப்பாக வைத்து, வட்டியிலிருந்து குழந்தைகளின் படிப்புக்கும் உணவுக்கும் உதவுவதே அதன் முறை. ஒரு மாநிலத்தால் ஆவது, அளவில் சிறிதாக ஒரு நகராட்சியாலும் ஆகாதா?

முடிவுரை

தோழியரே! நமக்கு இன்னும் வாக்குரிமை இல்லை. ஆனால், ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 போன்ற நாள்களில் கிராம சபை கூடும்போது நம் பெற்றோர் பேசலாம். "எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள்?" என்று கேட்க எவருடைய பெயரும் தேவையில்லை, எவருடைய நோயும் வெளிப்பட வேண்டியதில்லை. கேட்க முடியாத ஒருவருக்காக, கேட்கக் கூடியவர் கேட்பதும் அன்புதான். இன்று மாலையே வீட்டில் இதைப் பேசத் தொடங்குவோம்.