கிளிஞ்சலும் பெயரும்

இராசபாளையத்தை அடுத்த சோழபுரத்திலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு நாள் என்னைக் காண வந்தார். சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசைமேல் அவிழ்த்தார். உள்ளே நெல்லிக்காய் அளவில், சிப்பி வடிவில் ஒரு கல். “ஐயா, இதன் படத்தை எந்தப் புத்தகத்திலும் காண முடியவில்லை. இது புதிய இனமாக இருந்தால் நான் பெயரிடலாமா?” என்று வினவினார்.

அக்கல் அவருடைய ஊரில் கிடைத்தது அன்று என்பது பார்த்தவுடனேயே விளங்கிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் நாம் மிதித்து நடக்கும் பாறைகள் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. அவற்றில் கிளிஞ்சலைத் தேடுவது உலையிலே பூவைத் தேடுவது போலாகும். கேட்டபோது, அரியலூர்ப் பக்கத்தில் வேலை பார்க்கும் மாமா கொடுத்தது என்றார். அங்கும் ஒரு சோழபுரம் உண்டல்லவா? கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மேற்கே அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகள் கிடக்கின்றன. அவையும் அவற்றை அடுத்த படிவுகளும் ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை கடலடியில் படிந்தவை.

கல்லைத் திருப்பிப் பார்த்தேன். அது சாதாரணச் சிப்பியன்று. பிராக்கியோபாடு என்னும் உயிரின் ஓடு. இரண்டையும் வேறுபடுத்துவது எளிது. கடற்கரையில் பொறுக்கும் மட்டியின் இரு ஓடுகளும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று கண்ணாடி நிழல் போன்றவை. ஆனால் ஓர் ஓட்டைத் தனியே எடுத்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒவ்வா. பிராக்கியோபாட்டில் இது தலைகீழ். ஓர் ஓடு பெரிது, மற்றது சிறிது. ஆயினும் ஒவ்வோர் ஓட்டையும் நடுவே கோடிட்டுப் பிரித்தால் இரு பாதியும் சரியாக ஒத்திருக்கும். பெரிய ஓட்டின் அலகில் பலவற்றுக்கு ஒரு துளை உண்டு. அதன் வழியே தசைக்காம்பு ஒன்றை நீட்டி அவ்வுயிர் பாறையைப் பற்றிக்கொள்ளும். பழைய எண்ணெய் விளக்கின் சாயல் இருந்ததால் மேனாட்டார் இதனை விளக்குச் சிப்பி என்றனர். இன்று உயிரோடுள்ளவை ஏறத்தாழ 400 இனங்களே. கல்லாகிப்போனவற்றிலோ 12,000க்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. 25 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவிலிருந்து இக்குலம் முழுமையாக மீளவேயில்லை.

சரி, மாணவரின் கல் புதியதா? இதை அறிய முதலில் பழையதை அறிய வேண்டும். கே, கன்லிப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய கல்லுருவங்களை எட்வர்டு போர்ப்ஸ் 1846இல் விவரித்தார். பின்னர் பிளான்போர்டு அப்பாறைகளை ஆராய்ந்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பகுத்தார். 1862இல் கல்கத்தாவுக்கு வந்து இந்திய நில இயல் ஆய்வுத் துறையில் சேர்ந்த மொராவிய நாட்டு இளைஞர் பெர்டினாண்டு ஸ்டோலிக்கா, தென்னாட்டுக் கல்லுருவங்களைப் பெரிய தொகுதிகளாக எழுதி முடித்தார். 1872-73இல் வந்த நான்காம் தொகுதியில் பிராக்கியோபாடுகள் இடம்பெற்றன. அடுத்த ஆண்டே, யார்க்கண்டு பயணத்திலிருந்து திரும்பும் வழியில், இமயத்துக்கு அப்பால் அவர் இறந்தார். வயது 36. அவர் வேலையில் குறை காண்போர் இந்த வயதையும் நினைக்கட்டும்.

குறை உண்டு என்பது மெய். அக்காலத்தார் பெரும்பாலும் புறத்தோற்றத்தைக் கொண்டே பெயரிட்டனர். ஆனால் வெவ்வேறு குடும்பத்துப் பிராக்கியோபாடுகள் வெளியே இரட்டைப் பிள்ளைகள் போல் ஒத்திருக்கக்கூடும். உள்ளே உணவைத் திரட்டும் கரங்களைத் தாங்கிய சுண்ணாம்பு வளையம், கீலின் பற்கள், தடுப்புச் சுவர் ஆகியவையே உண்மையைச் சொல்லும். உள்ளேயோ பாறை இறுகிக் கிடக்கிறது. என்ன செய்வது? கல்லைத் தேய்த்தே தீரவேண்டும்! முதலில் அளவெடுத்து, நவச்சாரப் புகையால் வெண்பூச்சிட்டுப் படம் பிடித்து, அச்சு வார்த்து வைத்துக்கொள்வார்கள். பிறகு அலகிலிருந்து தொடங்கி, மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு போன்ற சிறு அளவுகளில் தேய்த்து, ஒவ்வொரு முகத்தையும் படியெடுப்பார்கள். முடிவில் படிகள் இருக்கும்; கல் இராது. ஆதலால் ஒற்றைக் கல்லை வைத்துக்கொண்டு இதில் இறங்குவது துணிச்சலான காரியம்.

ஒற்றைக் கல் போதாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. குஞ்சுக்கும் முதிர்ந்ததற்கும் உருவம் மாறும். நெருக்கத்தில் வளர்ந்தது கோணும். பல உருப்படிகளின் நீளம், அகலம், பருமன், வரிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் அளந்த பிறகே, இந்த வேறுபாடு வயதினாலா, இனத்தினாலா என்று கூற இயலும். அதன்பின் பழைய பெயருக்குரிய மூலக் கற்களோடு ஒப்பிட வேண்டும். ஸ்டோலிக்காவின் மூலக் கற்கள் கல்கத்தாவில் உள்ளன. எல்லாம் தேறினால், அவ்வினத்தைப் பிறவற்றினின்று பிரிக்கும் அடையாளங்களை எழுதி, ஒரு கல்லை மூலமாகக் குறித்து, அது காக்கப்படும் இடத்தையும் அறிவித்து அச்சிட வேண்டும். மூலத்தைக் குறிக்காமல் 1999க்குப் பின் வெளியிட்ட பெயர் செல்லாது என்பது விலங்குப் பெயரீட்டு விதி. தன் பெயரையே சூட்டிக்கொள்வதை விதி தடுக்கவில்லை. சான்றோர் செய்வதில்லை, அவ்வளவுதான்.

இவ்வளவையும் கேட்ட மாணவர் சோர்வடையவில்லை. “அளக்கிறேன், ஐயா. இன்னும் கற்கள் வேண்டுமானால் மாமாவைக் கேட்கிறேன்” என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: “இது எந்தக் குழியில், எந்த அடுக்கிலிருந்து வந்தது?”

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் படிவில் பிராக்கியோபாடுகள் நிறைய உண்டு. அது சிமெண்டுக்காக வெட்டப்படும் பாறையுங்கூட. அடுக்குத் தெரிந்தால் காலம் தெரியும். காலம் தெரிந்தால் ஒப்பிட வேண்டிய இனங்கள் நூறிலிருந்து பத்தாகக் குறையும். மாணவர் மாமாவுக்கு எழுதினார். மறுமொழி பத்து நாளில் வந்தது. கல் கிடைத்தது பாறையில் அன்று. லாரியில் ஏற்றுவதற்காகப் பல குழிகளிலிருந்து கொண்டுவந்து கொட்டிய குவியலில். குவியல் அன்று மாலையே ஆலைக்குப் போய்விட்டது.

கல்லை மாணவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் பொட்டலத்தின்மேல் தேதியையும், ‘அரியலூர், இடம் தெரியாது’ என்பதையும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். விடுமுறையில் தாமே அரியலூருக்குப் போவதாகச் சொல்லிச் சென்றார். சுத்தியல் எடுத்துச் செல்லும்முன் குறிப்பேடும் பென்சிலும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.