கால்களைப் பார்க்கக் கற்றுத்தரும் சண்டை

தமிழ்ப் படங்களில் சண்டைக் காட்சிகளை வகுப்பவரின் பெயர் நெடுங்காலமாகச் ‘சண்டைப் பயிற்சி’ என்ற தலைப்பின்கீழேயே திரையில் வருகிறது. எந்தக் குத்து எங்கிருந்து புறப்பட வேண்டும், அதை வாங்குபவர் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை நடன அடவுகளைப் போல முன்னரே அமைத்து, அது நடிகரின் உடலில் படியும்வரை ஒத்திகை பார்ப்பதே அப்பணி என்பதால் அந்தப் பெயர் மிகவும் பொருத்தமானது. 2021 ஜூலையில் வெளியான பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ அந்த உழைப்பின் அருமையை உணர்த்தும் படம். அதன் சண்டைகளை அமைத்தவர்கள் அன்பறிவ் என்று அறியப்படும் இரட்டைச் சகோதரர்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் வந்த குத்துச்சண்டை, ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி போன்ற வடசென்னைப் பகுதிகளில் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் ஆலைத் தொழிலாளரும் கொண்டாடிய ஆட்டமாக வேரூன்றியது. அங்கே ‘பரம்பரை’ என்பது இரத்த உறவைக் குறிக்காமல், ஒரு வாத்தியாரிடமிருந்து மாணவருக்கு வழிவழியாக வரும் ஆட்டமுறையையும் அதைச் சார்ந்த குழுவையும் குறிக்கும். 1970களின் நடுப்பகுதியில் நிகழும் படத்தின் கதை, சார்பட்டா, இடியாப்ப பரம்பரைகளின் போட்டியை மையமாகக் கொண்டது.

படத்தின் சிகரம், ஆர்யா நடித்த கபிலனுக்கும் ஷபீர் நடித்த டான்சிங் ரோஸுக்கும் நடக்கும் மோதல்தான். முகத்தையும் தாடையையும் காக்க இரு கைகளையும் உயர்த்தி வைக்கும் ‘கார்டு’ குத்துச்சண்டையின் முதல் பாடம் என்றிருக்க, ரோஸ் கைகளைத் தொங்கவிட்டு, இடுப்பை வளைத்து, துள்ளித் துள்ளி எதிரியை ஏமாற்றுகிறான். 1990களில் புகழ்பெற்ற பிரிட்டிஷ் வீரர் நசீம் ஹமீதின் ஆட்டம் இதில் தெரிகிறது. குத்தின் வலு தோளில் பிறப்பதில்லை, தரையில் ஊன்றிய காலிலிருந்து இடுப்பு வழியாக முஷ்டிக்கு ஏறுகிறது. ஆகவே, துள்ளுபவனின் பாதம் எங்கே இறங்கும் என்று கணித்துவிட்டால் அவனைப் பிடித்துவிடலாம். முதலில் காற்றைக் குத்தித் தடுமாறும் கபிலன் மெல்ல மெல்ல அந்தத் தாளத்தைப் படித்துக்கொள்வதை உடலசைவே சொல்லிவிடுகிறது. கபிலனின் இன்னொரு எதிரியான, ஜான் கொக்கேன் நடித்த வேம்புலியோ முற்றிலும் வேறு ஆள். ஏமாற்று வேலை எதுவுமின்றி உடற்கனத்தை முன்தள்ளி நெருக்கி அடிப்பவன் என்பதால், ரோஸை வென்ற உத்தி அவனிடம் போதாது.

திரைச் சண்டையில் முஷ்டிக்கும் முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கேமரா வைக்கும் கோணம் மறைக்க, ஒலி அதை நிரப்புகிறது. நடிகர் பழகாதவராயின் வெட்டுகளை அடுக்கி அந்தக் குறையையும் மறைப்பது வழக்கம். இங்கே அதற்கு மாறாக, தலை முதல் பாதம்வரை உடல் தெரியும் காட்சிகளை முரளியின் ஒளிப்பதிவு துணிந்து தருகிறது. ஹாங்காங் சண்டைப் படங்களில் ரசிகர்கள் போற்றிய நேர்மையும் இதுவே.

உடலசைவைக் கூர்ந்து பார்க்கும் இத்தகைய ரசனைக்கு முன்மாதிரி படத்துக்குள்ளேயே இருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் கபிலன், தாய் பாக்கியம் தடுத்ததால் கையுறையே அணியாமல் வளர்ந்தவன்; ரங்கன் வாத்தியார் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததைச் சிறுவயது முதல் தள்ளிநின்று பார்த்தே ஆட்டத்தைக் கற்றவன். அவன் முதன்முதலாகக் கையுறை அணிந்து வாத்தியாரின் மாணவன் ராமனை எதிர்கொள்ளும்போது, அத்தனை ஆண்டுகள் கண்ணால் சேர்த்தது முழுவதும் அவன் கால்களில் வந்து நிற்கிறது.