தாரைகளைக் கேட்கும் மலைச்சரிவு

மாத்தளையில் உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். கருந்துளை என்றதும் பிள்ளைகள், "எல்லாத்தையும் விழுங்குமே சார்" என்பார்கள். விழுங்குவதை விட அது வெளியே விடுவதுதான் எனக்குப் பெரிய அதிசயம். அதை நோக்கி விழும் வாயுவில் ஒரு பங்கு உள்ளே போகாமல், ஒளிவேகத்தை நெருங்கி, இரு எதிர்த்திசைகளில் தாரையாகப் பீறிடும். அதிலுள்ள இலத்திரன்கள் காந்தப்புலத்தில் சுழன்று வானொலி அலைகளை உமிழும். சில தாரைகள் எக்ஸ் கதிரிலும் ஒளிரும்.

எக்ஸ் கதிர் வளிமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது. அதனால் சந்திரா தொலைநோக்கியை 1999இல் விண்ணுக்கு அனுப்பினார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அதற்கு. குவியத்தைச் சரிபார்க்கத் தூரத்துக் குவேசார் ஒன்றை, அதாவது பெருங் கருந்துளையால் ஒளிரும் விண்மீன் மண்டல மையம் ஒன்றைப், பார்த்தார்கள். வெறும் புள்ளியை எதிர்பார்த்த இடத்தில் நீண்ட தாரை தெரிந்தது.

வானொலி அலைக்கு அந்தத் தடை இல்லை, மலைச்சரிவே போதும். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குப் போன சித்தப்பா கோத்தகிரியில் இருந்தார். அவரோடு ஊட்டி முத்தொரையிலுள்ள வானொலித் தொலைநோக்கியைப் பார்க்கப் போனேன். "இதுல எங்கப்பா கண்ண வச்சுப் பாக்குறது?" என்றார். கண்ணுக்கு அங்கே வேலையில்லை. 530 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம். 24 சட்டங்களில் இழுத்துக் கட்டிய 1,100 துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகள்தான் கண்ணாடி. ஊட்டியின் அகலக்கோடு ஏறத்தாழ 11 பாகை. அதே சாய்வில் வடக்கு தெற்காக இறங்கும் சரிவைத் தேடிப்பிடித்தார் வானொலி வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப். கருவியின் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாகிவிட்டது. அந்த ஓர் அச்சில் திருப்பினாலே ஒரு வானொலி மூலத்தை ஒன்பதரை மணிநேரம் தொடரலாம். அந்த யோசனையை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கும்.

1970இல் வேலை முடிந்தது. நிலா ஒரு மூலத்தை மறைக்கும்போது அலை எப்படிக் குறைகிறது என்று பதிந்து, அதன் அளவையும் வடிவத்தையும் கணித்தார்கள். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்கள். மங்கலானவை, அதாவது பொதுவாகத் தூரத்தில், பழங்காலத்தில் இருந்தவை, கோண அளவில் சிறியவையாகவே வந்தன. பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்ற வாதத்துக்கு இது வலுச் சேர்த்தது.

மாத்தளையின் அகலக்கோடு ஏழரைப் பாகை. இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறும் வழியெல்லாம் சரிவுகள்தான். நமக்கு மலை இருக்கிறது, கணிதம் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். நீலகிரிக்குச் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறவர்கள், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பிள்ளைகளை முத்தொரைக்கும் கூட்டிப் போங்கள்.