இதயத்தைப் பார்க்கப் போய்...

ஸ்கேன் ரிப்போர்ட்டை நம்மவர்கள் படிக்கிற முறையே தனி. முதல் பக்கத்தை ஒரு பார்வை, அப்புறம் டாக்டர் முகத்தை ஒரு பார்வை. அவர் சிரித்துவிட்டால் கவர் நேராக பீரோவுக்குள், பட்டுப்புடவைக்கு அடியில் போய்விடும். கடைசிப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பது பீரோவுக்கே வெளிச்சம்!

எங்கள் வாலிகண்டபுரத்தில் சின்ன வெங்காய வியாபாரம் செய்கிறார் என் தாய்மாமா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சில் ஒரு பிடிப்பு. மூட்டை தூக்கினால் வரும், உட்கார்ந்தால் போய்விடும். திருச்சியில் ஒரு சென்டரில் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்தோம். கையில் ஊசி வழியாக மருந்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க", சில நொடிகள்... அவ்வளவுதான். "ரத்தக்குழாய்ல அடைப்பே இல்லை, போய்ட்டு வாங்க" என்றார்கள். மாமா அந்த சந்தோஷத்தில் அரை கிலோ அல்வா வாங்கினார்.

பஸ்ஸில் பொழுது போகாமல் ரிப்போர்ட்டைப் புரட்டினேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒற்றை வரி. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் 8 மி.மீ. முடிச்சு, தொடர்ந்து கவனிக்கவும். யார் கவனிக்க வேண்டும்? அதை எழுதவில்லை. சென்டரில் ஒருவரும் வாய் திறக்கவும் இல்லை.

இதயத்தை எடுத்த படத்தில் நுரையீரல் எப்படி வந்தது என்கிறீர்களா? கல்யாண போட்டோ மாதிரிதான். போட்டோகிராபர் எடுப்பது மாப்பிள்ளை-பெண்ணை. பின்னால் பந்திக்கு முண்டியடிக்கிற சித்தப்பாவும் சேர்ந்து விழுந்துவிடுகிறார்! இதயம் இருப்பது இரண்டு நுரையீரலுக்கும் நடுவில். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்திலிருந்து உதரவிதானம் வரைக்கும் மிஷின் குறுக்கே குறுக்கே சீவிப் படமெடுக்கிறது. நுரையீரலின் நடுவும் அடியும், உணவுக்குழாய், ஈரலின் உச்சி எல்லாம் அந்தச் சீவலில் மாட்டும். நுரையீரலின் மேல் நுனி மட்டும் வராது. டி.பி.க்கு ரொம்பப் பிடித்த இடமே அதுதான். ஆகவே, 'ஹார்ட் ஸ்கேன் சுத்தம், அதனால் நுரையீரலும் சுத்தம்' என்று கணக்குப் போட முடியாது.

1971-ல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் மிஷின் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தபோது ஒரு சீவலுக்கே நிமிஷக்கணக்கில் ஆயிற்று. 1979-ல் அவருக்கு நோபல் பரிசு. இன்று துடிக்கிற இதயத்தையே சில நொடியில் பிடித்துவிடுகிறார்கள். மிஷின் கூர்மையாக ஆக, தேடாததும் கையில் சிக்குகிறது. டாக்டர்கள் இதற்குப் பாதி கிண்டலாக 'இன்சிடென்டலோமா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மறுநாளே மாமாவை நுரையீரல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "முடிச்சுன்னா கேன்சர்னு அர்த்தமில்லை. பழைய டி.பி. தழும்பாகூட இருக்கலாம்" என்றார். அது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களும் விட்டவர்களுமாக 53,000 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2011-ல் வெளியானது. சி.டி.யில் சந்தேகம் என்று வந்த 100 முடிவுகளில் 96 புற்றுநோயே இல்லை! ஆனால் அதே ஆய்வில், சி.டி. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைந்ததும் தெரிந்தது. அந்த மீதி நான்கில் நம் ஆள் இருந்தால்?

இதற்கு 2017-ல் திருத்திய ஒரு சர்வதேச வழிமுறை இருக்கிறது. ஒற்றைக் கெட்டி முடிச்சு, 6 மி.மீ.க்குக் கீழே, புகை போன்ற ஆபத்துகளும் இல்லை என்றால் மறு ஸ்கேன் வேண்டாம். 6 முதல் 8 வரை என்றால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு மேல் போனால் சீக்கிரமே அடுத்த சோதனை.

மாமாவுக்கு முப்பது வருஷ பீடி. "இருமல்கூட இல்லையேடா" என்று மல்லுக்கு நின்றார். அத்தை விடவில்லை. ஆறாவது மாதம் மறுபடி ஸ்கேன். 10 மி.மீ.!

"ரெண்டு மில்லிமீட்டர்தானே மாப்ளே, எறும்பு சைஸ்!"

டாக்டர் வெங்காயத்திலேயே விளக்கினார். "8 மி.மீ. உருண்டை 10 ஆனா, உள்ளே இருக்கிற சரக்கு கிட்டத்தட்ட டபுள்." சைஸ் பார்த்தே எடை சொல்கிற மனிதர் மாமா. முகம் மாறிவிட்டது.

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். கேன்சர்தான். ஆனால் வேறெங்கும் பரவவில்லை. நுரையீரலில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். கீமோ தேவைப்படவில்லை. எங்கள் ஊர் வாலீஸ்வரர் கோயிலில் வாலி சிவனைப் பூஜித்ததாகத் தலபுராணம். மாமா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே சொன்னார். "வாலியை மறைஞ்சு நின்னுதானே அடிச்சாங்க? எனக்கு அம்பு வர்றதுக்கு முன்னாடியே ஆள் தெரிஞ்சுபோச்சு." பீடியை அன்றைக்கே விட்டார். வாய்ப்பேச்சை விடவில்லை.

இதைப் படித்துவிட்டு நீங்கள் நாளைக்கே ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். என் ஆபீஸில் பக்கத்து சீட் நண்பருக்கு வயது 28. நெஞ்சுவலியும் இல்லை, சிகரெட்டும் இல்லை. ஹெல்த் செக்கப் பேக்கேஜில் ஹார்ட் ஸ்கேன் பாதி விலை என்றதும் எடுத்துக்கொண்டார். என்னைக் கேட்டால் தண்டச் செலவு. கிடைத்தது 4 மி.மீ. புள்ளி ஒன்று. ஒரு வாரம் தூக்கமே இல்லை. நல்லவேளை, நாலு வருஷத்துக்கு முன்னால் பைக் விபத்தில் எடுத்த நெஞ்சு ஸ்கேனின் சி.டி.யை அவர் அம்மா பத்திரமாக வைத்திருந்தார். அதிலும் அதே புள்ளி, அதே இடம், அதே அளவு! டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எந்திரிச்சுப் போய் வேலையைப் பாருங்க" என்றார்.

ரிப்போர்ட்டோடு அந்த சி.டி.யையும் கேட்டு வாங்கி வைத்தால்தான் இப்படி ஒப்பிட முடியும். நண்பருடைய சி.டி. இப்போது அவர் அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைக்கு மேலே இருக்கிறதாம்.