சுறாமீன் பற்களும் பழங்கடலும்

கல்யாண் நகரைச் சுற்றிலும் காணப்படும் கரும்பாறை, ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின்மீது பரவி உறைந்த எரிமலைக் குழம்பாகும். அதில் கடற்பிராணிகளின் எச்சங்களைத் தேடுவதால் பயனில்லை. அதனினும் தொன்மையான கடலொன்றின் படிவுகளைக் காண வேண்டுமாயின், தமிழ்நாட்டின் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்குச் செல்லல் வேண்டும். அங்குள்ள பாறைகளை 1862இல் பிளான்ஃபோர்டு என்னும் நிலவியலார் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்துரைத்தார்.

இப்படிவுகளில் கிடைக்கும் சுறாமீன் பற்கள் சிறப்பாகக் கருதத்தக்கவை. சுறாவின் உடற்கூடு குருத்தெலும்பால் ஆனதாகலின், இறந்தபின் பெரும்பாலும் மக்கி மறைந்துவிடுகிறது. பற்களோ கடினமான பாஸ்பேட்டுப் பொருளால் ஆனவை. பழைய பற்கள் விழ, அவற்றின் பின்வரிசையிலுள்ளவை முன்வருகின்றன. இவ்வாறு ஒரே சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கக்கூடும்.

பல்லின் வடிவம் இரையின் இயல்பைக் காட்டும். ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்த, சுமார் 10 கோடி ஆண்டுத் தொன்மையுடைய படிவுகளில் இருவேறு வகைப் பற்கள் கிடைத்துள்ளன. நோட்டிடனோடான் என்னும் சுறாவின் பல், ரம்பம்போல் பல கூர்முனைகளை உடையது. சதையை அறுப்பதற்கு ஏற்றது. டைக்கோடஸின் பல் தட்டையாய், மேற்பரப்பில் வரிகளுடன் அமைந்தது. சிப்பி போன்ற ஓடுடைய பிராணிகளை நொறுக்குவதற்கு ஏற்றது. ஆகவே, அக்கடலின் அடித்தரையிலும் நீரின் நடுவிலும் இரை மிகுந்திருந்தது என்று கொள்ளலாம்.

வெப்பநிலையையும் பற்களால் அறியலாம். பாஸ்பேட்டில் அடங்கிய பிராணவாயுவின் கன அணுக்களுக்கும் இலேசான அணுக்களுக்கும் உள்ள விகிதம், பல் உருவானபோதிருந்த நீரின் வெப்பத்திற்கேற்ப மாறுபடும். நன்கு பாதுகாக்கப்பட்ட பல்லில் அவ்விகிதத்தை அளந்து வெப்பநிலையைக் கணக்கிடுவர்.

ஆனால், எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரியாத பல், இச்செய்திகளுள் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. அரியலூர்ப் பகுதியில் சிமெண்டுத் தொழிலுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுவதால், அடுக்குகள் புதிதாக வெளிப்படுகின்றன. விரைவிலேயே அழிந்தும் போகின்றன. எனவே, களப்பணியாளர் பல்லை எடுக்குமுன் இடம், அடுக்கு, மண்ணின் தன்மை, உடன்கிடந்த சிப்பிகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. விளிம்புகள் தேய்ந்திருப்பின் அதனையும் குறித்தல் வேண்டும். அப்பல் பழைய அடுக்கொன்றிலிருந்து நீரால் அடித்து வரப்பட்டதாக இருக்கலாம். மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இவ்வழக்கத்தை முதலிலேயே கற்பித்தல் நன்று. குறிப்புச் சீட்டின்றிப் பெட்டியில் சேர்த்த நூறு பற்களைவிட, குறிப்புடன் கிடைக்கும் ஒரு பல்லே ஆராய்ச்சியாளர்க்குப் பெரிதும் பயன்படும்.