பின்னால் தொங்குது பழைய கார்! ஒரு பட்டை சேர்த்தால் போதுமா?

பாரிவாக்கம்—

மனுஷனுக்கு வயசானால் முதுகு கூன் விழும். காருக்கு வயசானால் பின்பக்கம் தொங்கும்!

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் பழைய அம்பாசிடர், பியட் கார்களை விடாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "அப்பா வாங்கின வண்டி சார், விக்க மனசு வரலே" என்பார்கள். பின் சீட்டில் மூணு பேர், டிக்கியில் இரண்டு மூட்டை. பாரிவாக்கம் பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் 'டம்' என்று அடி விழுகிறது. அடுத்த நாள் வண்டி பட்டறையில் நிற்கும்.

புதுசாக வெளிச்சந்தை செட் மாட்டுவதா? இருக்கிற கட்டிலேயே ஒரு பட்டை சேர்ப்பதா? கேள்வி சின்னது. தப்பாகச் செய்தால் போவது பணம் மட்டும் அல்ல, உயிரும்தான்!

காருக்கு கார் வித்தியாசம்

அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வாரிசு. 2014-ல் உற்பத்தி நின்றது. முன்பக்கம் முறுக்குக் கம்பி, பின்பக்கம் பட்டைக் கட்டு. முறுக்குக் கம்பி ஒன்றும் லேசான சரக்கு அல்ல. ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கியே அதில்தான் நின்றது!

பிரிமியர் பத்மினிக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் பட்டை.

நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு தனி ரகம். பின்பக்கம் குறுக்கே ஒரே பட்டைக் கட்டு. இரண்டு சக்கரமும் தனித்தனியே ஆடும். வளைவில் வேகமாகத் திரும்பினால் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். சொந்தக்காரர்களுக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. 1972-ல் கெஸல் கார் வந்தபோது கம்பெனியே அதை எடுத்துவிட்டு நேர் அச்சு போட்டது. பின்பக்க ஸ்பிரிங் அமைப்பை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு இதுவே சாட்சி.

ஷாக் அப்சார்பர் தூக்காது!

பலர் ஏமாறுவது இங்கேதான். வண்டி தொங்குது என்றதும் புது ஷாக் அப்சார்பர் வாங்கி மாட்டுகிறார்கள். வண்டி தொங்கினது தொங்கினபடியே நிற்கும்!

பாரம் தாங்குவது பட்டை. குதிப்பை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதன் வேலை வேறு, இதன் வேலை வேறு.

வீட்டிலேயே சோதிக்கலாம். டிக்கி மூலையை அழுத்தி, சட்டென்று கையை எடுங்கள். ஒரு தரம் எழும்பி அடங்கினால் நல்லது. ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பர் போச்சு. எண்ணெய் கசிந்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

பட்டையைப் பார்க்க வேண்டுமா? சமதரையில் வண்டியை நிறுத்தி, தரையில் இருந்து சக்கர வளைவு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் குறைந்தால் பட்டை முறிந்திருக்கலாம். நடு போல்ட் அறுந்தால் பின் அச்சே நகர்ந்துவிடும். வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்து ஓடும்!

கணக்குப் பாருங்கள்

ஒரே அளவுள்ள 5 பட்டையோடு இன்னும் ஒன்று சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால், "கனமா போடுப்பா" என்று 6 மில்லிமீட்டர் பட்டைகளை எடுத்துவிட்டு 7 மில்லிமீட்டர் பட்டைகள் போட்டால்? விறைப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும்! ஒரு மில்லிமீட்டர் செய்யும் கூத்து இது.

விறைப்பு கூடினால் என்ன ஆகும்? ஆள் ஏறினால் சுகம். தனியாக ஓட்டினால் பின்சக்கரம் தரையில் நிற்காமல் குதிக்கும். மழை நாளில் பிரேக் போட்டால் வாலை ஆட்டும். எப்போதும் டிக்கியில் கேஸ் சிலிண்டர் இருக்கிற வண்டிக்கு ஒரு கணக்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போகிற வண்டிக்கு வேறு கணக்கு.

இன்னொன்று: பின்பக்கம் தொங்கினால் முன்விளக்கு மேலே பார்க்கும், எதிரே வருகிறவன் கண் கூசும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் விளக்கு கீழே பார்க்கும், உங்களுக்கே பாதை தெரியாது. வேலை முடிந்ததும் விளக்கைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

மாட்டும்போது கவனம்!

* மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு ஆகாது.

* பட்டையையோ சுருளையோ கேஸ் கட்டிங் வைத்து வெட்ட, வெல்டிங் வைக்க விடாதீர்கள். சூட்டில் எஃகின் பதம் போய்விடும். பிறகு நடுரோட்டில் முறியும்.

* வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வேண்டும்.

* யூ போல்ட் புதுசாகப் போடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்குங்கள்.

* ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கடைசியாக முடுக்க வேண்டியது வண்டி தரையில் நிற்கும்போது. அந்தரத்தில் முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

* உயரம் கூடினால் பிரேக் ஹோஸ் எட்டுகிறதா என்று பாருங்கள். இழுத்துப் பிடித்தால் ஆபத்து!

சட்டம் என்ன சொல்லுது?

தேய்ந்த பட்டைக்குப் பதில் அதே அளவில் வேறு பட்டை போடுவது பழுதுபார்ப்பு. வண்டியின் உருவத்தையே மாற்றுவது வேறு கதை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக ஆர்.சி. விவரம் வேறுபடும்படி மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது.

50 வருஷம் தாண்டிய காரை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அசல் வடிவம் கெடாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்று ஆசைக்கு வெட்டி மாற்றினால், நாளை அந்த மரியாதை கிடைக்காது.

ஆகவே பட்டறைக்குப் போகிறவர்களே, "சும்மா தூக்கிக் கொடுப்பா" என்று சொல்லாதீர்கள். அளந்த சீட்டைக் கையில் கொடுங்கள். எத்தனை பேர் ஏறுவார்கள், எவ்வளவு பாரம் என்பதைச் சொல்லுங்கள். பழைய பட்டையைக் கேட்டு வாங்கி, புதுசோடு வைத்துப் பாருங்கள். நீளம், அகலம், கனம் மூன்றும் பொருந்தினால் மாட்டச் சொல்லுங்கள். பொருந்தாவிட்டால் வண்டி இன்னும் இரண்டு நாள் நிற்கட்டும். குடும்பம் ஏறுகிற வண்டி அது!