பேனாக் கடைசலில் உள்வர்ணமும் பசையும்

கடைந்து மெருகேற்றிய அக்ரிலிக் பேனா ஒன்றைக் கையில் எடுத்து நோக்குங்கள். நீலமும் வெண்மையும் அலையலையாய்க் கலந்த அதன் நிறம் கண்ணைக் கவர்கிறது. அவ்வழகு முழுவதும் அக்ரிலிக்குக்கே உரியது என்று எண்ணுவோம். உண்மையில், அதன் உட்புறத்தில் பூசிய வர்ணத்துக்கும் அதில் பங்குண்டு.

மெல்லிய பந்துமுனைப் பேனாவையே சான்றாகக் கொள்வோம். சுமார் 19 மில்லிமீட்டர் சதுரமுள்ள அக்ரிலிக் கட்டையின் நடுவே நீளவாக்கில் துளையிடுவர். 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள பித்தளைக் குழாயை அத்துளையில் ஒட்டிய பின்னரே கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றுவர். பேனாவின் உறுப்புகள் யாவும் அக்குழாயினுள்ளேதான் பொருந்துகின்றன. கடைந்து முடிந்ததும் ஓரங்களில் குழாயைச் சுற்றி எஞ்சும் அக்ரிலிக்கின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

இங்கேதான் இடர் தோன்றுகிறது. கனமாக இருந்தபோது உள்ளிருப்பதை மறைத்த கட்டை, மெலிந்தபின் அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. பித்தளையின் மஞ்சள் வெண்மையை அழுக்காக்கும், நீலத்தைப் பசுமையாக்கும். பசை படாத இடங்கள் திட்டுத்திட்டாய்த் தெரியும்.

குழாய்க்கு மட்டும் வர்ணம் பூசினால் போதாதா? போதாது. குழாயை உள்ளே செலுத்தும்போது அவ்வர்ணம் உராய்ந்து போகலாம். அன்றியும், வர்ணத்துக்கும் அக்ரிலிக்குக்கும் இடையே பசை நிற்பதால் அதன் குறை வெளியே தெரியும். ஆகவே துளையின் சுவரிலேயே வர்ணம் பூசுதல் நலம்; பசை அதன் பின்னே மறைந்துவிடும். வெள்ளை பூசினால் நிறம் ஒளிரும். கறுப்பு பூசினால் ஆழ்ந்து தோன்றும்.

வர்ணம் நீரில் கரைவதாயிருத்தல் வேண்டும். சில கரைப்பான்கள் அக்ரிலிக்கில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். பூச்சு முற்றும் உலராமல் பசையிடலாகாது. உள்ளே சிறைப்பட்ட ஈரம் வெளியேற வழியில்லை.

பின்னர்க் குழாயை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பசை உட்புகாதவாறு அதன் வாய்களை மெழுகால் அடைப்பர். இரு பகுதிகளைக் கலந்து செய்யும் எபாக்ஸிப் பசையைத் தடவி, குழாயைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே செலுத்துவர். நொடியில் இறுகும் பசையானால் குழாய் பாதி வழியிலேயே நின்றுவிடக்கூடும். ஒட்டியதை ஒருநாள் அசையாது வைத்தல் நன்று.

இத்தனை கவனம் எதற்கு? வெப்பத்தால் அக்ரிலிக் பித்தளையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விரியும். கடையும்போதும் மெருகிடும்போதும் சூடேறினால், அது குழாயை விட்டு விலக முயலும். அதனைப் பற்றி நிறுத்துவன பசையும் வர்ணமுமே. இவற்றுள் எது நலிந்ததோ, அதன் வலிமையே பேனாவின் வலிமை. ஒட்டாமல் விட்ட சிறு வெற்றிடத்தின்மேல் உளி பட்டால், கட்டை சிதறிவிடவும் கூடும்.

அத்தவறு பெரும்பாலும் வேலை முடியும் தறுவாயில்தான் வெளிப்படும்; அப்போது திருத்த இயலாது. எனவே, தேர்ந்த தொழிலாளி எவரும் காணாத உட்புறத்தையே முதலில் செம்மை செய்கிறான்.